பதிகையின் கதை

'லாக்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மரக்கட்டை என்பதே முதற்பொருள். பதினாறாம் நூற்றாண்டு முதற்கொண்டே ஐரோப்பிய மாலுமிகள் கப்பலின் வேகத்தை அறிய ஒரு சிறு கட்டையைக் கயிற்றில் கட்டிப் பின்புறமாகக் கடலில் எறிந்து வந்தனர். பிற்பாடு அந்தக் கயிற்றில் சீரான இடைவெளியில் முடிச்சுகள் இட்டனர். மணற்கடிகை வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைவிட்டு நழுவின என்று எண்ணி, அந்த எண்ணை ஓர் ஏட்டில் குறித்து வைப்பார்கள். நாளடைவில் கட்டையின் பெயர் ஏட்டுக்கே ஆகி வந்தது. இலக்கணத்தில் இதை ஆகுபெயர் என்போம். கடலை ஒருபோதும் காணாத கணினி தன் அன்றாடச் செயல்களை வரிவரியாக எழுதிவைக்கும் கோப்புக்கும் இன்று அதுவே பெயர். தமிழில் அதைப் 'பதிகை' என்று சிலர் வழங்குகின்றனர். கட்டையின் ஈரம் அச்சொல்லில் இல்லை என்றாலும் பொருள் தெளிவாக இருப்பதால் இங்கே அதையே கொள்கிறேன்.

ஒரு வழங்கிக் கணினி இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கிறது. இன்ன நேரத்தில் இன்னார் உள்ளே நுழைந்தார், இன்னாருக்குக் கடிதம் போயிற்று, கடவுச்சொல் மூன்று முறை தவறிற்று, வட்டில் ஒரு பகுதி படிக்க இயலாமற் போயிற்று என்று வரிகள் சேர்ந்துகொண்டே போகும். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அவற்றை யாரும் படிப்பதில்லை. ஏதேனும் கெட்டுப்போன பிறகு நடந்ததைச் சொல்ல வேறு சாட்சி இருப்பதில்லை. இந்தச் சாட்சியத்தை எழுதவும் சேர்க்கவும் தேடவும் பயன்படும் திறமூல மென்பொருள்களின் வரலாறு நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. பெரிய பெரிய நிறுவனங்கள் மோதிக்கொண்ட அண்மை ஆண்டுகளின் சண்டைகளுங்கூட, இந்த ஏட்டை யார் படிக்கலாம், அதைப் படிக்கும் கருவி யார் கையில் இருக்க வேண்டும் என்ற பழைய வினாவைச் சுற்றியவையே என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடக்கம் மிக எளியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் 1980களின் தொடக்கத்தில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலை எழுதிக்கொண்டிருந்தார். அன்று இணையம் ஒன்றாக இருக்கவில்லை. ஆர்ப்பாநெட், யுயுசிபி, பெர்க்லிக்குள்ளேயே ஓடிய பெர்க்நெட் என்று பல வலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முகவரி முறை. ஒரு வலையிலிருந்து புறப்பட்ட கடிதம் இன்னொரு வலையில் எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு தடயம் வேண்டியிருந்தது. அதற்காக ஆல்மன் எழுதிய துணைக்கருவிதான் சிஸ்லாக். கடித நிரலுக்கு ஊன்றுகோலாகப் பிறந்த அதை மற்ற நிரல்களும் எடுத்தாளத் தொடங்கின. யூனிக்ஸ் வகைக் கணினிகள் அனைத்துக்கும், பின்னர் வலையமைப்புத் திசைவிகளுக்கும் தீச்சுவர்களுக்கும் அதுவே பொது வழக்காயிற்று.

அது பரவியதற்குக் காரணம் அதில் இருந்த ஒரு பிரிவினை. செய்தியைச் சொல்லும் நிரல் வேறு, அதை வாங்கி எழுதும் எழுத்தன் வேறு, எழுதியதைப் படிக்கும் கருவி வேறு. கடித நிரல் தன் செய்தியை எழுத்தனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். எந்தச் செய்தி எந்தக் கோப்புக்குப் போக வேண்டும், எது வேறு கணினிக்கு அனுப்பப்பட வேண்டும் என்பதைக் கணினியின் பொறுப்பாளர் ஒரு சிறு அமைவுக் கோப்பில் எழுதிவைப்பார். எழுதப்படுவது வெறும் உரை என்பதால் தொகுப்பான் எதுவாயினும் அதில் திறந்து படிக்கலாம். ஒரு சொல்லை அதில் தேட யூனிக்ஸில் உள்ள 'கிரெப்' என்னும் சின்னஞ்சிறு கருவியே போதும்.

ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஓர் எண் உண்டு. செய்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஓர் எண்ணும், அது எவ்வளவு கடுமையானது என்பதற்கு 0 முதல் 7 வரை ஓர் எண்ணும் வகுத்துள்ளனர். முதலாவதை எட்டால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் தலையெண் வரும். 34 என்றிருந்தால், எட்டு நான்கு முப்பத்திரண்டு, மிச்சம் இரண்டு. அதாவது நுழைவுரிமை தொடர்பான செய்தி, கடுமை நிலை இரண்டு. பிறப்பிடங்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு பழைய ஊரின் தெருப்பெயர்களைப் படிப்பது போலிருக்கும். அச்சுப்பொறிக்கு 6, செய்திக்குழுக்களுக்கு 7, யுயுசிபிக்கு 8. யுயுசிபியைப் பயன்படுத்துவோர் இன்று அரிதினும் அரிது. அதன் எட்டாம் எண் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. சிஸ்லாக்கின் கதையும் அப்படியே. ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் அதற்கு எழுதப்பட்ட நெறி ஏதுமில்லை. ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் செய்தார். 2001 ஆகஸ்டில்தான் ஆர்எப்சி 3164 என்ற ஆவணம் வெளிவந்தது. அதுவும் விதி வகுக்கவில்லை; வழக்கில் இருப்பதை விவரித்தது, அவ்வளவே. அதில் பழைய வழக்கின் குறைகள் அனைத்தும் தெரிந்தன. செய்தியின் தேதியில் மாதமும் நாளும் மணியும் உண்டு, ஆண்டு இல்லை. நேரம் எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் இல்லை. செய்தி 1024 பைட்டுகளுக்கு மேல் போகலாகாது. வலைவழி அனுப்பும்போது யுடிபி முறையில் 514ஆம் வாயிலுக்குப் போகும். அஞ்சலட்டையைப் பெட்டியில் போடுவது போலத்தான். சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது, வந்த அட்டை உண்மையில் யார் எழுதியது என்று பெற்றவருக்கும் தெரியாது.

இந்தக் குறைகள் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தை அடுத்த குன்றின்மேல் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 1986ஆம் ஆண்டு கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் கணினிப் பொறுப்பில் அமர்ந்தார். கணினி நேரத்துக்குக் கட்டணம் எழுதும் கணக்கில் 75 சென்ட் இடித்தது. நம் பணத்தில் அன்று பத்து ரூபாய்க்கும் குறைவு. ஸ்டோல் அதை விடாமல் துருவினார். ஊர்பேர் தெரியாத ஒருவன் உள்ளே வந்து போகிறான் என்று கண்டார். வந்தவன் முழு அதிகாரத்தையும் கைப்பற்றியிருந்தான். தன்னைப் பற்றிய பதிகைகளை அவனே அழித்துவிட முடியும். ஆகவே ஒரு வார இறுதியில் ஆய்வுக்கூடத்தின் மேசைகளில் கண்ணில் பட்ட அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் இரவல் வாங்கி வந்து, வெளியிலிருந்து வரும் ஐம்பது தொலைபேசித் தொடர்புகளிலும் மாட்டினார். அவன் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் தாளில் விழுந்தது. கணினிக்குள் இருப்பதை அழிக்கலாம், தாளில் அச்சானதை அங்கிருந்து அழிக்க முடியாதே. ஏறத்தாழ ஓராண்டுத் தேடலுக்குப் பின் தடம் அன்றைய மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் முடிந்தது. மார்க்கஸ் ஹெஸ் என்ற அந்த இளைஞன் கூட்டாளிகளோடு சேர்ந்து, திருடிய தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுவந்தது வெளியாயிற்று. ஸ்டோல் இதை 1989இல் 'குக்கூஸ் எக்' என்ற நூலாக எழுதினார். துப்பறியும் கதைகளில் நாட்டமுள்ள நண்பர்கள் தவறவிடக் கூடாத நூல்.

பதிகையை அது பிறந்த கணினியிலேயே வைக்காமல் உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற நடைமுறை இத்தகைய பட்டறிவால் வேரூன்றியது. அப்படி அனுப்புவதற்குத்தான் பழைய அஞ்சலட்டை முறை போதாமற் போயிற்று. அதைச் சீர்செய்யும் வேலையை ஐரோப்பியர் இருவர் எடுத்துக்கொண்டனர். ஹங்கேரியின் பலாஜ் ஷைட்லர் 1998இல் 'சிஸ்லாக்-என்ஜி' என்பதைத் தொடங்கினார். என்ஜி என்றால் புதிய தலைமுறை. செய்தியின் உள்ளடக்கத்தைப் பார்த்துப் பிரிக்கவும், டிசிபி முறையில் ஒழுங்காக அனுப்பவும் அது வழிசெய்தது. ஜெர்மனியின் ரைனர் கெர்ஹார்ட்ஸ் 2004இல் 'ஆர்சிஸ்லாக்' என்பதைத் தொடங்கினார். ஏற்கெனவே நல்லது ஒன்று இருக்க இன்னொன்று எதற்கு என்று கேட்டவர்களுக்கு, ஒன்றே ஒன்றுதான் இருப்பது நல்லதல்ல, தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்பதே அவருடைய விடையாக இருந்தது. 2007இல் ஃபெடோராவும் 2009இல் டெபியனும் ஆர்சிஸ்லாக்கைத் தம் இயல்பான எழுத்தனாக ஏற்றன.

கெர்ஹார்ட்ஸிடம் நான் மெச்சும் குணம் ஒன்று உண்டு: சின்ன ஓட்டையையும் மறைக்காமல் எழுதுவார். டிசிபி முறையில் அனுப்பினால் செய்தி தொலையாது என்று எல்லாரும் நம்பியிருந்த நாளில், அதுவும் தொலையும் என்று விளக்கினார். நிரல் தன் செய்தியை இயங்குதளத்தின் இடைக்கிடங்கில் போட்டதுமே அனுப்பியாயிற்று என்று எண்ணிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் தொடர்பு அறுந்தால் கிடங்கில் கிடந்தவை போனதே யாருக்கும் தெரியாது. இதற்காக, பெறுபவர் 'வந்து சேர்ந்தது' என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை தரும் ரெல்ப் என்ற முறையை அவர் வகுத்தார். பழைய குறைகளைத் தீர்க்கும் ஆர்எப்சி 5424 என்ற புதிய இலக்கணத்தை 2009 மார்ச்சில் இயற்றியவரும் அவரே. அதில் ஆண்டு உண்டு, நேர வலயம் உண்டு, செய்தியின் உறுப்புகளைப் பெயரிட்டுச் சொல்லும் வசதி உண்டு. இருந்தும் இன்றுகூட ஏராளமான கருவிகள் ஆண்டில்லாத பழைய வழக்கிலேயே பேசிக்கொண்டிருக்கின்றன. புதிய இலக்கணம் வந்ததென்று பேச்சு வழக்கு உடனே மாறிவிடுமா என்ன!

2011 நவம்பரில் பெரும் பூசல் ஒன்று மூண்டது. லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் 'ஜர்னல்' என்ற புதிய பதிகை முறையை முன்வைத்தனர். சிஸ்லாக்கில் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் எழுதலாம். ஜர்னலில் எழுதியது எந்த நிரல், எந்தப் பயனர் என்பதைக் கர்னலிடமே கேட்டுக் குறிக்கலாம் என்றனர். இதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஜர்னலின் கோப்பு உரையாக இராது. இருமக் குறியீட்டில் இருக்கும். படிக்க வேண்டுமானால் அதற்கென்றே அமைந்த கருவி வேண்டும். அந்தக் கோப்பின் அமைப்பை வரையறுத்து நிலைநிறுத்தப் போவதில்லை என்று தொடக்கத்தில் அவர்கள் சொன்னது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. முப்பதாண்டுப் பழக்கத்தை மாற்றச் சொன்னால் எழும் வழக்கமான முணுமுணுப்பு என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கணினி பாதி செத்துக் கிடக்கும்போது, கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு கருவியால் ஏட்டைத் திறந்து பார்க்க வேண்டியிருப்பவரின் அச்சம் அது. பிற்பாடு கோப்பமைப்பை விளக்கும் ஆவணத்தை அவர்கள் வெளியிட்டதும் அந்த அச்சத்துக்குப் பொருள் இருந்ததைக் காட்டுகிறது.

அதே சமயம் ஸ்டோலின் அச்சுப்பொறிக்கு ஈடாக ஜர்னல் ஒரு முறையைக் கொண்டுவந்ததையும் சொல்ல வேண்டும். லெனார்டின் சகோதரரும் மறைமொழி ஆய்வாளருமான பெர்ட்ரம் பொட்டரிங் வகுத்த முத்திரை முறை 2012இல் அதில் சேர்ந்தது. இயல்பாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிகைக்கு முத்திரை இடப்படும். முத்திரையிட்ட திறவுகோல் அடுத்த திறவுகோலாக உருமாறும், பழையது அழிக்கப்படும். சரிபார்க்கும் திறவுகோல் கணினியில் இருப்பதில்லை. அதைக் கட்டப் படமாகத் திரையில் காட்டும், கைப்பேசியால் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பின்னர் நுழையும் திருடன் ஏட்டை மொத்தமாகக் கிழித்தெறியலாம். தான் வருவதற்கு முன் முத்திரையிடப்பட்ட பக்கங்களைத் திருத்தி எழுதிவிட்டு அகப்படாமல் தப்ப முடியாது.

ஜர்னல் மெல்ல மெல்ல வென்றது. 2013 டிசம்பரில் வந்த ஃபெடோரா 20இல் சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படவில்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் ஆர்சிஸ்லாக்கும் இயல்பான பட்டியலிலிருந்து நீங்கியது. வேண்டுவோர் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம் என்பது வேறு செய்தி.

இதற்கிடையே தேடுவது தனித் தொழிலாகிவிட்டது. ஆயிரம் கணினிகளின் பதிகையை ஒருவர் கண்ணால் படிப்பது ஆகிற காரியமா? ஷே பனான் என்ற நிரலர், லண்டனில் சமையற்கலை பயின்ற தம் மனைவியின் சமையற் குறிப்புகளைத் தேடித்தர ஒரு கருவி செய்ய முனைந்தார். அந்த முயற்சியின் வழிவந்ததே 2010இல் வெளியான எலாஸ்டிக்சர்ச். சமையற் குறிப்புக்கு எண்ணியது கணினிக் குறிப்புக்கு வாகாக அமைந்தது. ஜோர்டன் சிசல் எழுதிய லாக்ஸ்டாஷ் பதிகைகளைத் திரட்டித் தரும். கிபானா அவற்றை வரைபடமாக்கிக் காட்டும். மூன்றும் சேர்ந்து உலகெங்கும் புழங்கின. லாக்ஸ்டாஷின் சின்னம் மீசை வைத்த மரக்கட்டை என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கப்பற்கட்டையை யாரோ நினைவில் வைத்திருந்திருக்கிறார்கள்.

இவை திறமூல உரிமத்தில் இருந்ததால் அமேசான் 2015இல் எலாஸ்டிக்சர்ச்சைத் தன் வாடகைச் சேவைகளுள் ஒன்றாக்கியது. எங்கள் உழைப்பில் அவர்கள் பொருளீட்டுகிறார்கள் என்று எலாஸ்டிக் நிறுவனம் குமுறியது. பெயர் உரிமை குறித்து 2019இல் வழக்கும் தொடுத்தது. 2021 ஜனவரியில் அது உரிமத்தையே மாற்றிவிட்டது. 7.11 முதல் மூலநிரல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் சேவையாக விற்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அது தேர்ந்த எஸ்எஸ்பிஎல் உரிமம் திறமூலம் ஆகாது என்று திறமூல வரையறையைக் காக்கும் ஓஎஸ்ஐ அமைப்பு அறிவித்தது. கிரேலாக் என்ற மற்றொரு பதிகைக் கருவி அதற்குச் சற்று முன்னர், 2020இலேயே, அதே உரிமத்துக்குப் போயிருந்தது. அமேசான் 7.10இன் மூலநிரலை எடுத்துக் கிளை பிரித்து, 2021 ஜூலையில் ஓப்பன்சர்ச் 1.0 என்று வெளியிட்டது.

இரு தரப்பிலும் கோடிகள் புரண்ட இந்தச் சண்டையில் எவர்மீதும் எனக்கு இரக்கம் பிறக்கவில்லை. எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் வேறு. ஊதியம் இன்றித் திருத்தங்களை அனுப்பிய நிரலர்கள் ஒரு புறம். தம் பதிகைகளை எல்லாம் அந்தக் கருவியில் கொட்டிவைத்துவிட்டு, மேம்படுத்தினால் எந்த உரிமத்தின்கீழ் வருவோம் என்று வழக்கறிஞரைத் தேடிய சிறு நிறுவனங்கள் மறு புறம். 2024 ஆகஸ்டில் எலாஸ்டிக், ஏஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்துத் திறமூலத்துக்குத் திரும்பியது. அடுத்த மாதமே அமேசான் ஓப்பன்சர்ச்சை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஒப்படைத்தது. இரண்டும் இப்போது தனித்தனியே வளர்கின்றன.

உரிமப் பூசல் நடந்த அதே 2021இன் டிசம்பரில் எழுத்தனைப் பற்றிய வேறோர் அச்சம் உலகைக் குலுக்கியது. ஜாவா மொழி நிரல்களில் பதிகை எழுதப் பரவலாகப் பயன்படும் லாக்4ஜே என்ற நிரற்றொகுப்பில், எழுத வந்த செய்திக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால், எழுத்தன் அந்த முகவரிக்கே போய் அங்குள்ளதை எடுத்துவந்து இயக்கிவிடும். 2013இல் வசதிக்காகச் சேர்த்த ஏற்பாடு. அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவினர் நவம்பர் இறுதியில் இதை அறிவித்தனர். 'மைன்கிராப்ட்' விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே வழங்கி வசமாகும் என்றானது. தீங்கின் அளவைக் குறிக்கும் பத்துக்குப் பத்து இதற்குத் தரப்பட்டது. தன்னிடம் சொல்லப்பட்டதை எழுதுவதோடு நிற்காமல், அதன் ஏவலுக்கும் கீழ்ப்படிந்த எழுத்தனின் கதை இது. அதைத் திருத்த இரவு பகலாக உட்கார்ந்தவர்கள் அப்பாச்சி அறக்கட்டளையின் தன்னார்வலர்கள்.

இந்தியாவில் பதிகை அதன்பின் சட்டத்தின் கண்ணுக்கு நெருக்கமாக வந்தது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, நிறுவனங்கள் தம் கணினிகளின் பதிகைகளை 180 நாட்கள் நாட்டெல்லைக்குள் காத்துவைக்க வேண்டும் என்றது. கணினிகளின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருந்த வேண்டும் என்பது அதன் மற்றொரு விதி. ஆண்டில்லாத தேதியும் வலயமில்லாத நேரமும் எழுதும் பழைய வழக்கை நினைத்தால் இந்த விதியின் அருமை புரியும். இரு கணினிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடம் முரண்பட்டால், திருடன் முதலில் எந்தக் கதவைத் திறந்தான் என்பதே தலைகீழாகிவிடும்.

புதிய தலைமுறைச் சிஸ்லாக்கை எழுதிய ஷைட்லரின் கதை இன்னும் முடியவில்லை. அதை வளர்த்த புடாபெஸ்ட் நிறுவனமான பாலாபிட்டை 2018இல் ஒன் ஐடென்டிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. மென்பொருளின் பெயரும் அதனோடு போயிற்று. பின்னர் ஷைட்லர் வெளியேறி, நண்பர்களோடு ஆக்ஸோஃப்ளோ என்ற சிறு நிறுவனத்தை அமைத்தார். பெயர் தம்முடையதல்ல என்றாலும், திறமூல உரிமத்தில் இருந்ததால் மூலநிரலை எடுத்துச்செல்ல எவர் அனுமதியும் அவருக்குத் தேவைப்படவில்லை. 1998இல் தாம் தொடங்கியதிலிருந்தே 2024இல் ஆக்ஸோசிஸ்லாக் என்ற கிளையைப் பிரித்தார். பழையதற்கு எழுதிவைத்த அமைவுக் கோப்பை அப்படியே அதில் வைத்து ஓட்டலாம்.